முதலாளியின் குரலைத் திருடிய கறுப்புப் பலகை

ஆமத்தூர் மாரித்தாய்க்குச் சின்ன வயதிலேயே ஒரு கெட்ட பழக்கம். யார் பேசினாலும் அந்தக் குரலை அப்படியே எடுத்துக்கொள்வாள். கமலை இறைக்காமல் புளியமரத்தடியில் தாயம் உருட்டிக்கொண்டிருக்கும் அண்ணன்மாரைச் சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டு அப்பா குரலில் ஓர் அதட்டு அதட்டுவாள். அவர்கள் விழுந்தடித்து ஓடி மாட்டைப் பூட்டி, நாலு சால் இறைத்த பிறகுதான் அப்பா பருத்தி விற்க விருதுநகருக்குப் போயிருக்கிறார் என்பது நினைவுக்கு வரும்.

அப்படிப்பட்டவளை மைக் செட்காரனுக்குக் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் மைக் செட் கடை வைத்திருந்த பெத்தணன் என் சேக்காளி. கல்யாண வீடு, கோயில் கொடை எதுவானாலும் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவான். கெட்டுப்போன ரேடியோவையும் பழுது பார்ப்பான். மாரித்தாய் வந்த முதல் வாரமே மைக்கைச் சோதிக்கிற சாக்கில் மாமியார் இருளம்மாள் குரலில், “ஏலே பெத்தணா, வெளக்கு வச்சாச்சு, வீட்டுக்கு வாலே” என்று கூப்பிட, நாலு தெரு தள்ளி சீட்டாடிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த சீட்டை எறிந்துவிட்டு ஓடி வந்தான். பக்கத்தில் நின்ற இருளம்மாளுக்கே ஒரு நிமிஷம் தான் வாயைத் திறந்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது.

நான் அப்போது சிவகாசியில் பலவேசம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிடும் வேலையில் இருந்தேன். அதனால் இனி சொல்லப்போவதில் பாதிக்கு மேல் நானே கண்ணால் பார்த்தது. மீதி மாரித்தாய் சொன்னது. அவள் சொன்னதில் கழிக்கவேண்டியதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷம். தீபாவளி ஆர்டர் பேச வந்த கல்கத்தா ஏஜெண்டு, முதலாளிக்கு அன்பளிப்பாக நீளமான ஒரு பெட்டி கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பாக ஒரு பலகை. முழங்கை இரண்டு சேர்ந்த நீளம். அதன்மேல் ஆறு கம்பிகள். பளபளவென்று நிக்கல் தகடுகள், இரண்டு திருகுக் குமிழ்கள், பின்னால் ஒரு வயர். கல்கத்தாவில் ஏதோ ஓட்டலில் பேண்டு வாசித்தவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். “எலக்ட்ரிக் கிட்டார். மடியில் படுக்கவைத்து வாசிக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு ஏஜெண்டு ரயிலேறிப் போய்விட்டார்.

முதலாளிக்கு எலக்ட்ரிக் என்ற சொல் மட்டும் மனதில் நின்றது. இஸ்திரிப் பெட்டி எலக்ட்ரிக். அதைச் சுவரில் செருகினால் வேலை செய்கிறது. இதுவும் எலக்ட்ரிக்தானே? வீட்டில் உட்கார்ந்து வயர் நுனியை வெட்டினார், சுவிட்சில் செருகுகிற பிளக்கை மாட்டினார், செருகினார். டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்க விளக்கு அணைந்து கருகல் வாடை அடித்தது. அத்தனை வருஷத் தொழிலில் முதலாளி திரி கிள்ளாமல் வெடித்த ஒரே சரக்கு அதுதான்.

“மக கல்யாணத்துல இத வாசிக்க வைக்கணும்லே. சரி பண்ணிக் குடு” என்று பெத்தணனிடம் அனுப்பினார். வைகாசியில் கல்யாணம். தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். சின்னப் பலகைதானே என்று நினைத்தவன், பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் இரண்டு தோளும் மாற்றிவிட்டேன்.

பெத்தணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உடம்பு மரமில்லை, பேக்லைட். ரேடியோ குமிழும் சுவிட்சும் செய்கிற அதே கறுப்புச் சாமான். கழுத்தைத் தனியாக வார்த்து உடம்போடு திருகாணியால் இறுக்கியிருந்தார்கள். கம்பிகள் பலகையைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நின்றன. வலது கைப் பக்கம் குதிரை லாடம் போல இரண்டு காந்தங்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்க, ஆறு கம்பிகளும் அவற்றின் நடுவே குகைக்குள் போவதுபோல் போயின. கம்பிகளுக்கு அடியில் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள். அது கருகிக் கரியாகியிருந்தது.

இருளம்மாள் குனிந்து பார்த்தாள். “ஏன்லே, வீணைக்குக் கொடம் இருக்கு, தவுலுக்கு வகுறு இருக்கு. வகுறே இல்லாதது எங்கனயிருந்து பேசும்?”

“அது பேசாதுத்தா. கம்பி ஆடும், காந்தமும் காயிலும் அத மோப்பம் புடிச்சு வயருக்குள்ள அனுப்பும். நம்ம ஆம்ப்ளிஃபயர்தான் பேசும்.”

“அப்ப இது எதுக்கு?” என்றாள் கிழவி. பெத்தணன் கருகிய காயிலைக் கழற்ற ஆரம்பித்தான்.

காயிலைத் திரும்பச் சுற்றவேண்டும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. பெத்தணன் சுற்றினால் அறுந்தது. ஆத்திரத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினான், இன்னும் அறுந்தது. கடைசியில் மாரித்தாய் மாமியாரின் நூல் நூற்கும் ராட்டையை எடுத்துவந்து, நூல் சுற்றும் கதிர் இருந்த இடத்தில் காயில் கட்டையை மாட்டி, இடது கை விரலிடுக்கில் கம்பியை வழுக்கவிட்டபடி ராட்டையைச் சுழற்றினாள். நாள் கணக்கில் சுற்றினாள். சும்மா சுற்றினாளா? கடைக்கு வந்துபோகிறவர்கள் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக்கொண்டே சுற்றினாள். பெத்தணன் சிரித்துச் சிரித்து வேலையைக் கெடுத்துக்கொண்டான்.

காயிலை மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் வயரைக் கொடுத்து, கம்பியைச் சுண்டியதும் குழாயில் ‘டங்’ என்று கேட்டது. ஆனால் இடது கை விரலால் எங்கே அழுத்துவது? கம்பி பலகையை எட்டவே இல்லை. அழுத்தினால் விரல்தான் அறுந்தது. பெட்டிக்குள் ஏதோ ஒரு சாமான் குறைகிறது என்று மட்டும் பெத்தணனுக்குப் புரிந்தது.

அதைக் கண்டுபிடித்தது இருளம்மாளின் வெற்றிலை. பல் போனவள், கையுரலில் வெற்றிலை பாக்கைச் சாண் நீள இரும்பு உலக்கையால் இடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுண்ணாம்பு எடுக்க உலக்கையைக் கீழே வைக்கப் போனதுதான் தெரியும். காந்தம் அதை வெடுக்கென்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. உலக்கை கம்பிகளின்மேல் விழுந்து வழுக்கியது. குழாயில் பூனையை மிதித்த மாதிரி ஒரு நீண்ட ஊளை.

கிழவி பதறி எழுந்தாள். “எவளையோ அடிக்கிறாக!”

மாரித்தாயின் கண் விரிந்தது. உலக்கையைக் காந்தத்திலிருந்து பிய்த்து எடுத்தாள். பலகையை மடியில் போட்டுக்கொண்டு, வலது கையால் சுண்டி, இடது கையில் உலக்கையைக் கம்பிமேல் மெல்ல நகர்த்தினாள். சத்தம் ஏறியது. பின்னுக்கு இழுத்தாள், இறங்கியது. படிப்படியாக இல்லை, மனுஷக் குரல் மாதிரி வழுக்கிக்கொண்டே. சுண்டுவிரலால் டோன் குமிழைத் திருகினால் ‘ங்’ என்று மூடியிருந்த சத்தம் ‘வா’ என்று வாயைத் திறந்தது.

“ஏங்க, இதுக்கு நாக்கு இருக்குங்க” என்றாள் புருஷனிடம்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பெத்தணன் வேலை முடிந்தது என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பவில்லை, மாரித்தாய் விடவில்லை. தினம் சமையல் முடிந்ததும் பலகை மடிக்கு வந்துவிடும். அவளுக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது. பேச்சின் ஏற்ற இறக்கம்தான் தெரியும். தயிர்க்காரி தெருமுனையில் கூவினால் கடைக்குள்ளிருந்து பலகை பதில் கூவும். இருளம்மாள் மட்டும் வெற்றிலையை அம்மியில் தட்டிக்கொண்டு, “என் ஒலக்கைய குடுங்கடி” என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாண நாளும் வந்தது. சிவகாசியில் தெருவை அடைத்துத் தகரப் பந்தல். கிட்டார் வாசிக்க மதுரையிலிருந்து ஒருத்தரை வரவழைத்திருந்தார் முதலாளி. கோட்டு, டை, பாக்கெட்டில் கம்பிமேல் நகர்த்தச் சொந்தமாக ஓர் உருக்குக் கட்டை. வீட்டுக்குள் நிழலில் உட்கார்ந்து சுருதி சேர்த்தபோது எல்லாம் தேனாகத்தான் இருந்தது. முகூர்த்தம் முடிந்து, உச்சி வெயிலில் தகரப் பந்தலுக்குள் மேடை ஏறினார். பேக்லைட்டுக்குச் சூடு ஆகாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பலகை வெக்கையில் உப்ப ஆரம்பித்தது. கம்பிகள் ஆறும் ஆறு பக்கம் போயின. அவர் திருகினார், சேர்ந்தது. வாசிக்க எடுத்தார், விலகியது. மறுபடி திருகினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், “வாசிக்கத்தான் கூட்டியாந்தீகளா, ரிப்பேர் பாக்கக் கூட்டியாந்தீகளா?” என்று கேட்டார்.

மதுரைக்காரர் எழுந்துவிட்டார். “இது வாத்தியமில்ல, தோசைக்கல்லு” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தார்.

பெத்தணன் அந்த நேரம் பார்த்துக் குழாய் கட்டிய மரத்தின் மேல் இருந்தான். மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டு மாரித்தாய் மட்டும் இருந்தாள். தனியாகக் கிடந்த பலகையைப் பார்த்தாள். ஆறு கம்பியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் பாட்டு. பேசுவதற்கு ஒரு கம்பி போதுமே? மடியில் எடுத்து வைத்து, இடுப்பில் செருகியிருந்த உலக்கையை எடுத்தாள்.

அன்று காலையிலிருந்து பலவேசம் முதலாளி ஒரே ஒரு கேள்வியைத்தான் பந்தல் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தார்: “ஏலே... எலை போட்டாச்சாலே?” முதல் ‘ஏலே’ ஆழத்திலிருந்து கிளம்பும், நடுவில் ஒரு கரகரப்பு, கடைசி ‘லே’ ஓட்டு வீட்டு முகட்டைத் தொட்டுவிட்டு இறங்கும். ஊரில் வேறு யாருக்கும் அந்தக் குரல் கிடையாது.

அதே கேள்வியை இப்போது பலகை கேட்டது. குழாயில், ஊர் முழுக்க.

சமையல் கொட்டகையிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து பதில் கத்தினார்கள்: “போட்டாச்சு மொதலாளி!”

முதலாளியோ எங்களெல்லார் கண் முன்னாலும், சம்பந்திக்குப் பக்கத்தில், வாய் நிறைய வெற்றிலையோடு நின்றுகொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது.

எல்லாரும் குழாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு எங்கோ பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பந்தல் தகரமெல்லாம் அதிர்ந்தது. மாரித்தாய்க்கு நிறுத்தத் தெரியவில்லை. பலகை அடுத்து, திருகித் திருகி அலுத்துப்போன மதுரைக்காரரின் பெருமூச்சை விட்டது. மகளைப் பிரிகிற முதலாளி வீட்டம்மாள் காலையில் அழுத அழுகையை, மூக்கை உறிஞ்சுவது உட்பட, அழுதது. அழுதுகொண்டிருந்த அந்த அம்மாளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். காலையிலிருந்து எதிலும் குறை கண்டுகொண்டிருந்த சம்பந்தி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி எலை போடச் சொல்லுத்தா” என்றார்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு மேடைக்கு வந்தார். “யாருலே எங் குரலத் திருடுனது?”

மாரித்தாய் எழுந்து நின்றாள். “திருடலைங்க அண்ணாச்சி. காலைலருந்து நீங்கதான் ஊருக்கெல்லாம் குடுத்துக்கிட்டு இருந்தீக. நானும் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன்.”

சம்பந்தி சிரித்துக்கொண்டிருந்ததால் முதலாளியால் கோபப்பட முடியவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “அந்தச் சனியன அவ வீட்லயே விட்டுட்டு வாலே. இங்கன வச்சா நான் பேசுறனா, பலக பேசுதான்னு என் வீட்டாளுக்கே தெரியாது” என்றார். பலகை மாரித்தாய்க்குச் சொந்தமானது இப்படித்தான்.

அதன் பிறகு பெத்தணனின் மைக் செட்டுக்கு வந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. தாயில்பட்டி வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள், “பேசுற பலகையும் வருமா?” என்று கேட்டுத்தான் தேதி குறித்தார்கள். மாரித்தாய்க்குப் பலகைக்காரி என்ற பெயர் நிலைத்தது. இருளம்மாள், “ஒலக்க என்னுது” என்று சொல்லி எல்லாக் கல்யாணத்துக்கும் கூடவே போய் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். ஒருமுறை கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் ஒருத்தர் தன் வெள்ளாடு தொலைந்துபோனது என்று மைக்கில் சொல்லச் சொன்னார். ‘ஆட்டுக்கு எங்கே நம்ம பேச்சு புரியும்’ என்று மாரித்தாய் பலகையை எடுத்து, குட்டி தாயைத் தேடிக் கத்துகிற மாதிரி ஒரு கத்து கத்தினாள். தொலைந்த ஆடு வந்தது. கூடவே பொட்டலில் விற்பனைக்கு நின்ற மந்தையில் பாதி, கயிற்றை அறுத்துக்கொண்டு குழாய் கட்டிய மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. எது யாருடைய ஆடு என்று பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதோடு ஆட்டுப் பாஷை வேண்டாம் என்று கோயில்காரர்கள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள்.

அறுபத்து நாலாம் வருஷம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது பலவேசம் முதலாளியின் தொண்டை போய்விட்டது. வருஷக் கணக்காகக் கத்திய கத்தல் அப்படி. மதுரையில் டாக்டர் தொண்டையில் ஏதோ ஒரு கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, தீபாவளி முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கம்பெனி தடுமாறிவிட்டது. இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு லோடு ஏற்றச் சொல்கிறாராம். நாங்கள் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தோம். எழுதிக் காட்டலாமே என்றால், அவர் எழுதியதை அவரே படிக்கத் திணறுவார்.

மூன்றாம் நாள் என்னைப் பார்த்து ஒரு சைகை செய்தார். மடியில் எதையோ படுக்கப் போட்டு, அதற்கு இஸ்திரி போடுவதுபோல் கையை முன்னும் பின்னும் தேய்த்தார். முகத்தில் அவ்வளவு வெட்கம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாத மாதிரி நின்று இன்னும் இரண்டு தடவை செய்யவைத்தேன்.

மறுநாள் மாரித்தாய் பலகையைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கம்பெனி, ஊருக்கு வெளியே ஆனைக்குட்டம் போகிற பக்கம் இருந்தது. வெடிமருந்து போடும் அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். அந்தப் பக்கம் மின்சார வயரே போகக் கூடாது. அதனால் வெகு தூரத்தில், கேட்டை ஒட்டிய ஆபீசில் அவளை உட்காரவைத்து, வாசல் வேப்பமரத்தில் பெத்தணன் குழாயைக் கட்டினான். முதலாளி பக்கத்தில் நின்று சைகை காட்டுவார், பலகை அவர் குரலில் கூப்பிடும். “வேலையப் பாருங்கலே!” “லோடு ஏறியாச்சாலே?” சொல் தெளிவாக இருக்காது. ஆனால் எத்தனை வருஷம் கேட்ட ராகம்! எல்லாருக்கும் புரிந்தது. முதல் நாள் சிலர் பயந்து எழுந்தே நின்றுவிட்டார்கள்.

சீசன் நேரத்தில் முதலாளி மதியச் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே போவார். ஒரு மணி ஒன்றரையாகும், ஒன்றரை இரண்டாகும். பெட்டி ஒட்டுகிற கருப்பம்மாள் ஆபீசுக்குத் தண்ணீர் எடுக்க வந்தபோது மாரித்தாயிடம் சொன்னாள்: “விடியுமுன்ன கஞ்சி குடிச்சிட்டு வாறோம்த்தா. பன்னெண்டு மணிக்கு வகுறு காந்துது. ஒங்க பலகைக்காவது பசிக்காது.”

மாரித்தாய் அண்ணாந்து மணியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும், முதலாளி எந்தச் சைகையும் காட்டாதபோது, பலகை தானாகப் பேசியது. “சாப்பிட்டு வாங்கலே!”

அத்தனை அறைகளிலிருந்தும் ஜனம் தூக்குச் சட்டியோடு வெளியே வந்தது. முதலாளி வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி உள்ளே போகச் சொன்னார். கருப்பம்மாள் அங்கிருந்தே கும்பிட்டாள். “வெரட்டாதீக மொதலாளி, இந்தா போயிட்டோம்!” என்று நடையை எட்டிப் போட்டாள்.

அவர் திரும்பி மாரித்தாயைப் பார்த்த பார்வையில் வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். “என்னைய ஏன் மொறைக்கீக அண்ணாச்சி? நீங்கதான சொன்னீக? எல்லாரும் கேட்டாகளே!” என்றாள் அவள். நான் லோடு பார்க்கப் போவதுபோல் வெளியே போய், லாரிக்குப் பின்னால் நின்று சிரித்து முடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளும் பன்னிரண்டு. அதற்கடுத்த நாளும். அதட்ட முடியாத முதலாளி நாலாம் நாள் தன் தூக்குச் சட்டியையும் திறந்துவிட்டார்.

தீபாவளி முடிந்து குரல் திரும்பியது. ஆனால் பழைய குரல் இல்லை, பஞ்சரான டயரில் காற்றுப் போகிற சத்தம். அடுத்த ஆர்டர் ஆரம்பித்த அன்று வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தன் மரியாதையாக, “பலக சொல்லட்டும் மொதலாளி” என்றான். மாரித்தாய் வாரத்தில் ஆறு நாளும் கம்பெனிக்கு வருகிற ஆளாகிவிட்டாள்.

கொஞ்ச நாளில் பக்கத்துக் கம்பெனி முதலாளி சங்கரபாண்டியன் கோபமாக வந்து இறங்கினார். அவர் பேச்சு மூக்கில்தான் ஆரம்பித்து மூக்கிலேயே முடியும்.

“ஒங்க கொழாய்ச் சத்தம் கேட்டு எங்க ஆளுகளும் பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சு நிக்காக. சாப்பாட்டு நேரத்த மாத்தச் சொன்னது யாரு?”

பலவேசம் முதலாளி ஒரு நிமிஷம் மாரித்தாயைப் பார்த்தார். ஒரு பலகையிடம் தோற்றேன் என்று இன்னொரு முதலாளியிடம் சொல்ல முடியுமா? நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாந்தான் சொல்லச் சொன்னேன்” என்றார், இருக்கிற குரலை எல்லாம் திரட்டி. “வகுறு காஞ்சா கை நடுங்கும். நம்ம தொழில்ல கை நடுங்கலாமா?”

 சங்கரபாண்டியன் அப்படியும் விடாமல் அரை மணி நேரம் மூக்கால் பேசிக்கொண்டிருந்தார். மூலையில் உட்கார்ந்திருந்த மாரித்தாய் தலையைச் சாய்த்து அதை ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அவள் இடது கை மட்டும் முழங்கால்மேல் முன்னும் பின்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வேப்பமரத்துக் குழாய் பலவேசம் முதலாளி குரலில் சாப்பிடக் கூப்பிட்டது. எங்கள் ஆட்கள் எழுந்தார்கள். கொஞ்சம் பொறுத்து அதே குழாய், இந்த முறை மூக்கால், இன்னொரு தடவை கூப்பிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் சங்கரபாண்டியன் கம்பெனி ஆட்கள் மொத்தமும் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தார்கள்.